கல்லாய்ச் சமைந்த கக்கல்

வாரம் 1: தோட்டாக்கள் எங்கே?

குளிர்காலப் புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் லைம் ரீஜிஸ் ஊரில் விவரம் தெரிந்த யாரும் கடலோரப் பாறைச் சரிவின் அடியில் நடக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் உள்ள சிற்றூர் அது. களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காக நிற்கும் அந்தச் சரிவு, மழையில் ஊறினால் எந்த நொடியும் தலைமேல் இறங்கும். மேரி ஆனிங் மட்டும் கூடையும் சுத்தியலுமாகக் கிளம்பிவிடுவார். புதிதாகச் சரிந்த மண்ணிலிருந்து எட்டிப் பார்ப்பதை அலை அள்ளிக்கொண்டு போவதற்குள் எடுத்தாக வேண்டும். எடுத்து, கடற்காற்று வாங்க வரும் பணக்காரர்களிடமும் பேராசிரியர்களிடமும் விற்றால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

தச்சரான அப்பா 1810-இல் கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். அடுத்த ஆண்டு அண்ணன் ஜோசப்பின் கண்ணில் ஒரு நீண்ட மண்டையோடு பட்டது. சில மாதங்கள் கழித்து அதன் உடலைத் தேடிக் கண்டுபிடித்தவர் மேரி. அப்போது அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. மீனைப் போல நீந்தி, நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கிய அந்தக் கடல் ஊர்வனவுக்குப் பின்னாளில் இக்தியோசார் என்று பெயர் வைத்தார்கள். 1823-இல் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் மேரி தோண்டி எடுத்தார். லண்டன் நிலவியல் சங்கத்தில் அதைப் பற்றிப் பெரிய மனிதர்கள் விவாதித்தார்கள். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல்தான். மேரி இறந்தது 1847-இல்.

எலும்புக்கூடுகளின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அவற்றின் வயிற்றுப் பகுதியில் கிடந்த ஒரு சாம்பல் நிறக் கல்.

உருளைக்கிழங்கு பருமனில் இருக்கும் அந்தக் கற்களை ஊரார் பெசோர் கல் என்று அழைத்தார்கள். ஆட்டின் வயிற்றில் உருவாகும் கல்லுக்கு ஒரு காலத்தில் ஐரோப்பாவில் விஷமுறிவு மருந்தென்று மதிப்பு இருந்தது. உருவம் ஒத்துப்போனதால் அதே பேரை இதற்கும் வைத்துவிட்டார்கள். மேரி அவற்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே மீன் செதில்; மீன் எலும்பு. எலும்புக்கூட்டோடு சேர்ந்து கிடைக்கும்போதெல்லாம் கல் இருந்த இடம் விலா எலும்புகளுக்கு நடுவில், அல்லது இடுப்பெலும்புக்கு அருகில். விலங்கின் உடலில் எந்தப் பொருள் அந்த இடத்தில் இருக்கும் என்பதைச் சொல்லப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆனால், பட்டம் பெற்ற ஒருவர் சொன்னால்தான் சபை ஏறும்.

அந்த ஒருவர் வில்லியம் பக்லண்ட். ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த பாதிரியார். உலகில் உள்ள விலங்குகள் அத்தனையையும் தின்று பார்த்துவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, அதில் வெகுதூரம் போனவர். கழிவைக் கண்டு முகம் சுளிக்காத மனிதர் வேண்டும் என்றால் இங்கிலாந்து முழுவதும் சல்லடை போட்டாலும் இவரைவிடப் பொருத்தமானவர் சிக்கியிருக்கமாட்டார்.

தவிர, அவருக்கு முன் அனுபவமும் இருந்தது. 1821-இல் யார்க்‌ஷயரின் கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி, யானை, காண்டாமிருக எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஊழிவெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்று பலரும் முடிவு கட்டியிருந்த நேரத்தில், பக்லண்ட் அங்கே கிடந்த வெள்ளை உருண்டைகளைப் பொறுக்கினார். லண்டனில் காட்டு விலங்குகளை வைத்துப் பராமரித்த ஒரு காவலரிடம் அவற்றைக் காட்டியபோது அந்த ஆள் பார்த்ததுமே சொல்லிவிட்டார், கழுதைப்புலி விட்டை என்று. ஆக, அந்தக் குகை வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய இடம் அல்ல. கழுதைப்புலிகள் தலைமுறை தலைமுறையாக இரையை இழுத்துவந்து தின்ற வீடு. ராயல் சொசைட்டி 1822-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் தந்தது. விட்டையை நம்பினால் பதக்கம் கிடைக்கும் என்பதை அறிந்தவர் லைம் ரீஜிஸ் கல்லை விடுவாரா?

கல்லை வேதியியல் சோதனைக்கு அனுப்பினார். சில கற்களில் திருகுச் சுருள் இருந்தது. அது எப்படி வந்தது என்று பார்க்கத் திருக்கை, சுறா இனங்களின் குடலுக்குள் சிமென்டைச் செலுத்தி இறுகவைத்துப் பார்த்தார். அதே சுருள் வந்தது. 1829 பிப்ரவரியில் நிலவியல் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். கல்லுக்கு கோப்ரோலைட் என்று பெயர் சூட்டினார், கிரேக்கத்தில் ‘சாணக்கல்’. மேரி ஆனிங் கண்டு சொன்னதை அவர் பெயரோடு குறிப்பிடவும் செய்தார். அந்த ஊரில் அவரிடம் வாங்கிய எலும்பை வைத்துப் பேர் வாங்கியவர்களில் பலர் அதைச் செய்யவில்லை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாணக் கற்களில் சில கன்னங்கரேலென்று இருந்தன. காரணம் மை. கணவாயின் உறவான பெலம்னைட் என்ற உயிரினத்தின் உடலுக்குள் மைப்பை கல்லாகியிருப்பதை 1826-இல் மேரி கண்டுபிடித்திருந்தார். அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் அந்தக் காய்ந்த மையை நீரில் கரைத்து, அதைக்கொண்டே இக்தியோசாரின் படத்தை வரைந்தார். கொன்று தின்றவனின் படம், தின்னப்பட்டவனின் மையால்!

பெலம்னைட்டுக்குப் பத்துக் கைகள். கைகளில் நுண்ணிய கொக்கிகள். வால்பக்கம் உடலுக்குள்ளே சுண்ணாம்பால் ஆன ஒரு கூர்முனைத் தண்டு, துப்பாக்கித் தோட்டாவின் வடிவில். லைம் ரீஜிஸ் கரையில் இந்தத் தோட்டாக்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. இடி விழுந்து உண்டானவை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள்.

பிற்காலத்தில் இக்தியோசாரின் இரைப்பைப் பகுதியை நுண்ணோக்கி வைத்துத் துருவியபோது கொக்கிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவன் இந்த இனத்தைத்தான் விரும்பித் தின்றிருக்கிறான், சந்தேகமில்லை. தலையும் கைகளும் உள்ளே போயிருக்கின்றன என்றால் உடலும் போயிருக்க வேண்டும். ஆனால் தோட்டாக்கள்? இரைப்பையில் அவை அபூர்வம். அவை பத்திரமாக வெளியே வந்திருக்க வேண்டிய பின்வழியிலும் அவற்றின் தடயம் கிடைப்பது அரிது.

உள்ளே போன பொருள் கீழ்வழியாக வரவில்லை. அப்படியானால்...?

(அடுத்த வாரம்)

வாரம் 2: பேரில்லாமல் கிடந்த பிண்டம்

விடையை வாசகர்களில் பாதிப் பேர் ஊகித்திருப்பீர்கள். ஆனால் ஊகம் வேறு, நிரூபணம் வேறு. நிரூபணம் வருவதற்கு முன் பொருளுக்கு ஒரு பெயர் வரவேண்டும். 1829-இலிருந்து கணக்கிட்டால், அதற்கு 163 ஆண்டுகள் பிடித்தன.

சாணக்கல்லுக்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை. பேர் வைத்த கையோடு புகழும் வந்துவிட்டது. பக்லண்டின் நண்பர் ஹென்றி டி லா பெஷ், பழங்கால விலங்குகள் கூட்டமாக மலம் கழிக்கும் குகைவாசலில் பக்லண்ட் சுத்தியலோடு நிற்பதாகக் கேலிச்சித்திரம் போட்டார். சாணக் கற்களை வரிசையாகப் பதித்த மேசை ஒன்றை பக்லண்ட் வீட்டில் வைத்திருந்தார்; அது இன்றும் லைம் ரீஜிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1840-களில் கதை வியாபாரத்துக்கே தாவியது. கிழக்கு இங்கிலாந்தில் கிடைத்த பாஸ்பேட் கட்டிகளை அமிலத்தில் கரைத்து உரமாக்கினார்கள். இப்ஸ்விச் நகரில் கோப்ரோலைட் தெரு என்று ஒரு தெருவே உண்டு. இதில் வேடிக்கை, அப்படித் தோண்டி விற்ற கட்டிகளில் பெரும்பாலானவை சாணமே அல்ல.

கக்கலுக்கு இப்படி ஒரு பக்லண்ட் வாய்க்கவில்லை. கிடைத்தால் ‘எலும்புக் குவியல்’ என்று எழுதி அலமாரியில் வைத்தார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் ‘இரைப்பை உமிழ்வு’ என்றார்கள். ஆளுக்கொரு சொல் சொன்னார்கள்; ஒருவர் சொன்னதை இன்னொருவர் தேடிப் பிடிக்க வழியில்லை.

உயிரோடு இருக்கும் விலங்குகளில் இதை நன்றாகப் படித்துவைத்திருந்தார்கள் என்பதுதான் விசித்திரம். நம் கோயில் கோபுரங்களில் குடியிருக்கும் கூகையை எடுத்துக்கொள்ளுங்கள். எலியை முழுசாக விழுங்கும். சதை கரைந்து குடலுக்குப் போகும். மயிரும் எலும்பும் இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரம் கழித்து வாய்வழியாக வெளியே வரும். கோபுரத்தடியில் விழுந்து கிடக்கும் அந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடு பல்லோடு வந்து நிற்கும். பருந்து இனங்களின் இரைப்பை அமிலம் கடுமையானது. எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடும். முதலை இன்னும் மோசம், எலும்பே மிஞ்சாது. எந்த விலங்கு கக்கியது என்பதை எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதைவைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தப் பழக்கம் பறவைகளுக்கு எப்போது வந்தது? சீனாவின் வடகிழக்கில் அங்கியோர்னிஸ் என்ற இறகுள்ள சின்ன டைனோசாரின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன, ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழையவை. அவற்றோடு பல்லி எலும்பும் மீன் செதிலும் திரண்ட உருண்டைகள் இருந்தன. ஒன்றில் உருண்டை தொண்டைக்குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது. கக்கப்போகும் நேரத்தில் உயிர் போயிருக்கிறது. 2018-இல் இது வெளியானது. அதாவது, கூகைக்கு இந்த வழக்கம் பறவை இனமே பிறப்பதற்கு முந்தைய முப்பாட்டன் வழிச் சொத்து.

ஸ்பெயினின் லாஸ் ஓயாஸ் படிவப் பாறையிலும் ஓர் உருண்டை உண்டு; அதற்குள் நான்கு பறவைக் குஞ்சுகள். தின்றது யாரென்று பாறை சொல்லவில்லை.

பேருக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கின்னி செங்கல் குவாரி என்று ஓர் இடம். செங்கல் அறுக்கக் களிப்பாறை வெட்டும் இடத்தில் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழைய மீன்களும் செடிகளும் கிடைத்தன, கூடவே அவற்றின் கழிவும். அந்தக் கழிவை வகைப்படுத்த உட்கார்ந்த ஆய்வாளர் ஏட்ரியன் ஹன்ட், கையில் இருந்த சொற்கள் போதவில்லை என்று கண்டார். 1992-இல் அவர் இரண்டு சொற்களை அச்சேற்றினார். உணவுப்பாதையோடு தொடர்புள்ள எல்லாப் புதைபடிவங்களுக்கும் பொதுப்பெயராக ப்ரோமலைட். கிரேக்கத்தில் ப்ரோமா என்றால் உணவு. அதற்குள் ஒரு பிரிவாக, வாய்வழியே திரும்பி வந்தவற்றுக்கு ரிகர்ஜிடலைட். எதிரெடுத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு கல்லைச் சேர்த்தார்.

சொல் வந்ததும் எல்லை வகுக்க வேண்டிவந்தது. உடலுக்குள்ளேயே தங்கிவிட்ட இரை ரிகர்ஜிடலைட் ஆகாது; அதற்கு கன்ஸுமுலைட் என்று பின்னர் தனிப்பெயர் வைத்தார்கள். குடலில் நின்றது கோலோலைட். கடித்துக் குதறிவிட்டு விழுங்காமலே நழுவவிட்ட மிச்சத்துக்கு 2021-இல் பாபுலைட் என்று ஒரு பெயர். எனக்கு இந்தப் பெயர்ப் பட்டியலின் மேல் அத்தனை பக்தி இல்லை. துறைக்கு வெளியே இவற்றில் பாதியை யாரும் பயன்படுத்தப்போவதில்லை. ஆனால் ரிகர்ஜிடலைட் என்ற சொல்லுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சூட்டுகிறவர் மூன்று விஷயங்களுக்குப் பொறுப்பேற்கிறார்: ஒரு விலங்கு இதை விழுங்கியது, செரிமானம் தொடங்கியது, முடியும் முன்பே வெளியே வந்தது. மூன்றுக்கும் சான்று காட்ட வேண்டும்.

சான்று எப்படி இருக்கும்? சாணம் என்றால் பாஸ்பேட் நிறைந்த, மாவு போன்ற பொருள்தான் அதிகம்; எலும்புத் துணுக்குகள் அதில் அங்கங்கே பதிந்திருக்கும். கக்கலில் மாவு குறைவு, எலும்பு மிகுதி. நீரோட்டம் சேர்த்த குவியலில் எலும்புகள் அளவுவாரியாக, ஒரே திசை பார்த்துக் கிடக்கக்கூடும். கக்கலில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடக்கும். அதெல்லாம் சரியாக இருந்தாலும் அமிலம் தின்ற தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

பாதிதான். ஏனென்றால் கக்கல் என்று உறுதியான பிறகும் தவறு நேரலாம்.

வடக்கு இத்தாலியின் செயாட்சா ஓடைப் பள்ளத்தாக்கில், 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறையில், சின்னஞ்சிறு எலும்புகளின் உருண்டை ஒன்று கிடைத்தது. 1989-இல் அதை விவரித்தவர்கள், பறக்கும் ஊர்வனவான டெரோசாரை விழுங்கி ஏதோ ஒரு விலங்கு கக்கியது என்றார்கள். டெரோசாரைத் தின்றதற்கு நேரடிச் சான்றுகள் விரல்விட்டு எண்ணும் அளவே உண்டு. ஆகவே இந்த உருண்டைக்கு மவுசு. கால் நூற்றாண்டு காலம் கட்டுரைக்குக் கட்டுரை இதை எடுத்தாண்டார்கள்.

பிறகு அந்தக் கல்லை ஊடுகதிர் நுண் ஸ்கேனருக்குள் வைத்தார்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் முப்பரிமாணமாகத் திரும்பின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், 1989-இல் அதே உருண்டையை டெரோசார் என்று எழுதிய ஃபாபியோ டல்லா வெக்கியா.

திரையில் இருந்த எலும்புகளில் எதுவும் பறக்கவில்லை.

(அடுத்த வாரம்)

வாரம் 3: செங்கல் குழியில் கிடைத்த சாட்சி

2015-இல் வந்த மறு ஆய்வு, டல்லா வெக்கியாவின் பெயரையும் தாங்கி வெளிவந்தது. உருண்டைக்குள் இருந்தது டெரோசார் அல்ல. நீண்ட கழுத்துள்ள லாங்கோபார்டிசாரஸ் என்ற தரைவாழ் ஊர்வனவுக்கு நெருங்கிய ஏதோ ஒன்று. கக்கல் என்ற பழைய முடிவு மட்டும் நின்றது. தாம் எழுதியதைத் தாமே அடித்து எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும். அதோடு இன்னொன்றும் இதில் கிடைத்தது: முன்பு மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருந்த எலும்பை மட்டும் பார்த்துச் சொன்னார்கள், இப்போது கல்லை உடைக்காமலே உள்ளே பார்க்கலாம். போலந்திலிருந்து சேகரித்த 500-க்கும் மேற்பட்ட சாணக் கற்களையும் கக்கல்களையும் துருவிய ஒரு குழு, பலவற்றை பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் கதிரில் வைத்துப் படமெடுத்து, டைனோசார்கள் எப்படிப் படிப்படியாகப் பிற விலங்குகளைப் பின்னுக்குத் தள்ளின என்று 2024-இல் எழுதியது.

இனி முதல் வாரம் விட்ட தோட்டாக்களுக்கு வருகிறேன்.

கிழக்கு இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரைச் சுற்றி ஆழமான களிமண் குழிகள் உண்டு. செங்கலுக்காக வெட்டியவை. (நியூ மெக்சிகோவிலும் செங்கல், இங்கும் செங்கல். இந்தத் துறை அருங்காட்சியகங்களுக்குப் பட்டிருக்கும் கடனைவிடச் செங்கல் முதலாளிகளுக்குப் பட்டிருக்கும் கடன் அதிகம் போலும்.) அந்தக் களிமண் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறு. அதில் பெலம்னைட் தோட்டாக்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன.

குவியல் என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெலம்னைட் தோட்டாக்கள் போர்க்களம் போலக் குவிந்து கிடக்கும் பாறைகள் உலகில் பல இடங்களில் உண்டு. ‘பெலம்னைட் போர்க்களங்கள்’ என்றே பீட்டர் டாய்லும் இன்னொரு ஆய்வாளரும் 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முட்டையிட்டு முடித்ததும் கூட்டமாகச் செத்திருக்கலாம். நீரோட்டம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியிருக்கலாம். யாராவது தின்றிருக்கலாம். எது எங்கே என்று குவியலைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது.

அதே பீட்டர் டாய்ல், ஜேசன் வுட் என்பவரோடு சேர்ந்து பீட்டர்பரோ குவியலைக் கையில் எடுத்தார். முதலில் வயது. தோட்டாக்களில் பெரும்பாலானவை இளம் பெலம்னைட்டுகளுடையவை. முட்டையிட்டு முதுமையில் செத்தவை என்ற விளக்கம் அங்கேயே விழுந்தது. அடுத்து, மின்னணு நுண்ணோக்கி. தோட்டாவின் மழமழப்பான மேற்பரப்பில் அமிலம் அரித்த தழும்புகள் தெரிந்தன. கடல்நீர் அப்படி அரிக்காது, இரைப்பைதான் அரிக்கும். ஆகவே இவை ஒரு வயிற்றுக்குள் போய்வந்தவை.

வந்த வழி எது? கூர்முனைத் தண்டுகள் இத்தனை எண்ணிக்கையில் குடல் வழியே போயிருந்தால் மென்மையான குடல்சுவரைக் கிழித்திருக்கும். ஆகவே இரைப்பையோடு நிறுத்தி, சதையைக் கரைத்துக்கொண்டு, மிச்சத்தை வாய்வழியே தள்ளிவிட்டான் இக்தியோசார். 2002 பிப்ரவரியில் அவர்கள் இதை அறிவித்தபோது உலகப் பத்திரிகைகள் உலகின் மிகப் பழைய வாந்தி என்று கொண்டாடின. மிகப் பழையது என்பது தலைப்புக்காகச் சேர்ந்த உப்பு. அதைவிடப் பழைய கக்கல்கள் இருக்கின்றன, இத்தாலி உருண்டையே ஒன்று. ஆனால் மேரி ஆனிங் கரையில் பொறுக்கிய தோட்டாக்களின் கேள்விக்கு முதல்முறையாக ஒரு குவியல் நேரடியாகப் பதில் சொன்னது என்பது உண்மை.

எல்லா இக்தியோசாரும் எப்போதும் இப்படித்தான் செய்தான் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு வாலை விட்டிருக்கலாம். தண்டு இல்லாத வேறு கணவாய் இனங்களைத் தின்றிருக்கலாம். வயிற்றில் கொக்கி மட்டும் இருப்பதற்கு அவையும் காரணமாகலாம். பீட்டர்பரோக் குவியல் பீட்டர்பரோவுக்குத்தான் சாட்சி.

கக்கத் தெரியாதவனின் கதி என்ன என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் இயற்கை அருங்காட்சியகத்தில். ஹோல்ட்ஸ்மாடன் பாறையில் கிடைத்த ஹைபோடஸ் என்ற சுறா அது, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுப் பழையது. இரைப்பை இருந்த இடத்தில் 200-க்கும் மேற்பட்ட பெலம்னைட் தோட்டாக்கள் ஒரே கட்டாக நிற்கின்றன. தலை, துடுப்பு, தோலின் தடயம் எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் அந்த மூட்டை. அதை வெளியேற்ற முடியாமல்தான் சுறா செத்தது என்று கருதுகிறார்கள்.

இக்தியோசாரின் வழக்கத்தை டாய்லும் வுட்டும் இன்றைய திமிங்கலத்தோடு ஒப்பிட்டார்கள். ஸ்பெர்ம் திமிங்கலம் கணவாய்களைக் கூட்டம் கூட்டமாக விழுங்கும்; அவற்றின் கிளிமூக்குப் போன்ற அலகு செரிக்காது; அவற்றைத் திரட்டி அவ்வப்போது கக்கிவிடும். இங்கே நம் ஊர்ச் செய்தித்தாள்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் கடத்தல்காரர்கள் பிடிபடும்போதெல்லாம் ‘பல கோடி மதிப்புள்ள திமிங்கல வாந்தி’ என்று தலைப்பு வருகிறதே, அந்த அம்பர் வாந்தி அல்ல. கக்காமல் தப்பிக் குடலுக்குள் இறங்கிய அலகுகள் உறுத்துவதால் சுரக்கும் பொருள் அங்கேயே திரண்டு கட்டியாகிறது. பெரும்பாலும் அது பின்வழியாகவோ, திமிங்கலம் செத்த பிறகோதான் வெளியே வருகிறது. கல்லான அம்பரும் உண்டு: இத்தாலியின் உம்பிரியாவில், ஏறத்தாழ 17.5 லட்சம் ஆண்டுப் பழைய கடலடிப் படிவத்தில் கிடைத்த பெரும் கட்டிகளை 2013-இல் அப்படி அடையாளம் கண்டார்கள். கணவாய் அலகுகள் அவற்றுக்குள்ளும் இருந்தன. ரிகர்ஜிடலைட் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. குடல்கல்லான கோலோலைட்தான் அவற்றின் சாதி.

டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளின்ட் குன்றில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொழுதுபோக்காகப் புதைபடிவம் தேடும் உள்ளூர்க்காரர் ஒருவர் சுண்ணப்பாறைத் துண்டைப் பிளந்தார். உள்ளே கடல் அல்லியின் துணுக்குகள் வட்டமாகக் குவிந்திருந்தன. ஃபாக்சே அருங்காட்சியகத்தில் கொடுத்தார். குறைந்தது இரண்டு இனக் கடல் அல்லிகள் கலந்த கக்கல் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள், 6.6 கோடி ஆண்டுப் பழையது. கடல் அல்லி என்பது பேரளவில்தான் பூ. நட்சத்திர மீனுக்கு உறவான விலங்கு. உடம்பு முழுக்கச் சுண்ணாம்புத் தகடு, சதை பேருக்கு. அதை ஆசையாகத் தின்று, வேண்டாம் என்று திருப்பித் தந்த மீனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. டென்மார்க் சட்டப்படி அது நாட்டுச் சொத்து. அப்படிப்பட்ட புதைபடிவத்துக்கு அங்கே டானெக்ரே என்று பெயர். அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், கண்டெடுத்தவருக்குச் சன்மானம் உண்டு. கக்கலைக் கண்டெடுத்தவருக்குச் சட்டமே சன்மானம் தரும் நாடு!

இதுவரை பார்த்த கக்கல்களில் தின்னப்பட்டவை எல்லாம் பெரும்பாலும் முன்பே நாம் அறிந்த உயிர்கள், அல்லது அவற்றின் நெருங்கிய சொந்தங்கள். கக்கல் அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதைச் சொன்னது, அவ்வளவுதான்.

பிரேசிலின் வடகிழக்கில், நாட்டால் நகர அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் அராரிபே பகுதிக் கல் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுப் பழையது. அராரிபே கல் என்றாலே மீன். அதற்குப் பேர்போன பகுதி. இதிலும் மீன் இருந்தது, நான்கு. நான்கும் ஒரே பக்கம் தலைவைத்து, எலும்புகளோடு எலும்பாக நெருக்கிக் கிடந்தன.

மீன்களுக்கு நடுவே ஏதோ சீப்பின் பற்களைப் போல வரிசையாக நின்றது. செவுள் கீற்று என்று நினைத்துத்தான் முதலில் குனிந்து பார்த்தார்கள். நூற்றுக்கணக்கில், மயிரிழைபோல் மெல்லிதாக, ஒரு தாடையில் ஊன்றி நின்றன. அது மீனின் தாடை அல்ல. அந்தத் தாடைக்கு உரிய விலங்கு அதுவரை எந்த நூலிலும் பேர் ஏறியிருக்கவில்லை.

(தொடரும்)